கைமொழிக்கு உருபு வைத்த மச்சானுக்கு

என் பிரியமான மச்சான்,

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு, ஷெட்டில் ஆள் போடுகிற நான் உங்கள் மெஷினை யாருக்கும் விடவில்லை. "ஏனுங்க, ஆர்டர் கழுத்த நெரிக்குது. அது எத்தன நாளைக்குச் சும்மா நிக்குமுங்க?" என்று முதலாளி கேட்டார். "பாக்கலாமுங்க" என்றே தள்ளிக்கொண்டு வந்தேன். இரும்புக்குப் போய் இவ்வளவு வீம்பா என்று அக்காவே கேட்டுவிட்டாள். உங்கள் பெண்டாட்டியே கேட்டால் நான் என்ன சொல்வது?

நெருப்பெரிச்சல் ஊரில், பனியன் துணி பின்னுகிற நம் நிட்டிங் ஷெட்டில், மெஷின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால்தானே கையால் பேச ஆரம்பித்தோம்? நூல் கோனுக்கு ஒரு சைகை, எண்ணெய்க்கு ஒன்று, உங்களுக்கு மீசை முறுக்கல். ஒடிசாவிலிருந்து வந்த சுசாந்திடம் 'கோன், அஞ்சாம் மெஷின்' என்று ஒருநாள் காட்டினீர்கள். அங்கிருந்து எடுத்து வா என்று நீங்கள் நினைத்தீர்கள். அவன் அங்கே கொண்டுபோய் மாட்டிவிட்டான். வெள்ளைத் துணியில் சாம்பல் பட்டை விழுந்தது. நான் அவனைத் திட்டக் கிளம்பினேன்.

"உடுங்க மாப்ள, தப்பு அவனுது இல்லீங்க. பேரு வெச்சோம். எதுக்கு, எதுல இருந்துங்கறதுக்கு ஒண்ணும் வெக்கலீங்களே" என்றீர்கள்.

டீ குடித்துக்கொண்டே, பள்ளியில் படித்த எட்டு வேற்றுமையையும் விரல்விட்டுப் பார்த்து, நாலு போதும் என்று முடிவு செய்தீர்கள். பெயரைக் காட்டிவிட்டுத் தோளைத் தொட்டால் 'அதற்கு'. முழங்கை என்றால் 'அதிலிருந்து'. மணிக்கட்டு 'அதனால்', நெஞ்சு 'அதனுடைய'. 'அதை' என்பதற்கும் ஒன்று வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "அதத்தான் கண்ணுக்கு முன்னாடி காட்டறமுங்களே" என்று சிரித்தீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

நீங்கள் போன பிறகு ஆயுத பூஜை வந்தது. மெஷின்களை நிறுத்தித் துடைத்து, அவரவர் ஓட்டுகிற மெஷினுக்கு அவரவரே சந்தனம் வைத்தார்கள். உங்களுடையது மட்டும் பொட்டில்லாமல் நின்றது. கிண்ணத்தோடு போனேன், கை எழவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன், மச்சான்.

சுசாந்த் பக்கத்தில் வந்தான். சத்தமே இல்லாத ஷெட்டில் வாயாலேயே சொல்லியிருக்கலாம். அவன் மீசையை முறுக்கினான், நெஞ்சைத் தொட்டான், மெஷினைக் காட்டினான். உங்களுடையதாம். போனவருக்கு இன்னும் அப்படிச் சொல்லலாமா? அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

உங்களுடையதை என்னுடையதுபோல நான் எடுத்துக் கொடுப்பதாக நினைத்ததால்தான் இத்தனை நாள் வலித்ததோ என்னவோ. நானும் மீசையை முறுக்கி முழங்கையைத் தொட்டேன். பிறகு அவனைக் காட்டித் தோளைத் தொட்டேன். உங்களிடமிருந்து, அவனுக்கு. கிண்ணத்தை நீட்டினேன். "அண்ணா..." என்றான். உங்கள் மெஷினுக்குச் சந்தனம் வைத்தான்.

மறுநாள் உங்கள் மெஷின் ஓடியது. முதல் ரோல் பழுதில்லாமல் இறங்கியது. அக்காவுக்கு போன் போட்டேன். இரைச்சலில் நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் உங்கள் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் போனை வைக்கவில்லை.

இனி அதைச் சும்மா நிற்க விடமாட்டேன். சுசாந்த் ஊர் திரும்பினாலும், அடுத்து வருகிறவனிடமும், இதைக் கொடுப்பவர் நீங்கள்தான் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

நீங்கள் வாய் நிறைய 'மாப்ள' என்று அழைத்த,
உங்கள் மைத்துனன்