எட்டு செக்கன் அசையாதவர்கள்

பேச்சி,

உன் தம்பி சாவு வீட்டுப் படம் கொடியில் காயுது. கமரா ஷட்டர் இறுகிப்போச்சு. அதனால உச்சி வெயிலுக்கு லென்ஸுல கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மூடியைக் கையால எட்டு செக்கன் திறந்து வச்சுப் பிடிச்சேன். மாரடிச்சு அழுதவங்க எல்லாரும் அசைஞ்சதால படத்துல புகையாப் போயிட்டாங்க. அலுவிகாரையில இருந்து வந்த மாமாவுக்கு வேட்டி மட்டும் தனியா நிக்குது. உயிரோட ஒரு படத்துக்கும் அசையாம நிக்காத உன் தம்பி, இப்பத்தான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான்.

அவன் தலைமாட்டில் நீயும் தெளிவா இருக்கே. ஒரு மயிரிழை ஆடல.

"கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு அழுதியா"ன்னு நேத்து ஏசினேன். இனி ஏசமாட்டேன்.

அவன் பொஞ்சாதி வந்தா படத்தைக் காட்டாதே. அழுது புரண்டதுல அவ அதில் இல்லாமலே போயிட்டா. நான் வந்து சொல்லிக்கிறேன்.

உன் புருஷன்

பி.கு: ரொட்டி மூடி வச்சிருக்கு. சாப்பிடு, இல்லாட்டி அழு. ரெண்டுல ஒண்ணையாவது செய்.