கிணற்றில் மூக்குகள்

ஏப்ரல் 21
வீட்டுக்காரர் ஈரச் சாக்கோடு வந்தார். மீன் என்று நினைத்து அரிவாள்மனையை எடுத்தேன். சாக்கு நகர்ந்தது. உள்ளே வழவழவென்று பால் ஆமைகள். வற்றிய ஊசுடு ஏரிச் சேற்றில் கம்பியால் குத்திப் பார்த்து, டக்கென்று தட்டுப்பட்ட இடத்தில் தோண்டினாராம். தரகன் அம்மாவாசை இழுத்துவிட்ட வேலை. மூலத்துக்கு மருந்தென்று எவனெவனோ வாங்கித் தின்கிறானாம்.

“புடிபட்டா ஜெயிலுங்க,” என்றேன்.

“வாய மூடிக்கினு இரு மேனகா. அம்மாவாசை வந்து எடுத்துக்கினு போயிடுவான்.”

சாக்கு குளியலறையில். நான் எங்கே குளிப்பது?

ஏப்ரல் 22
பைக் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் குளியலறைக் கதவச் சாத்துறேன். சாக்குக்குள்ள பிராண்டுது, நாள் பூரா பிராண்டுது.

ஏப்ரல் 23
இவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு எதிர்வீட்டுத் தனக்கொடி அக்கா ஓடி வந்தாள். “உன் வீட்டுக்காரரோட ஏரிக்குப் போன ஆளு, அந்தப் பாவாடைய வனத்துறை புடிச்சிட்டாங்க. ஜீப்பு இங்கதான் வருது.”

இவர் போனை எடுக்கவில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கக் கிணற்றில் ஆமை விடுவது இங்கே வழக்கம்தானே, மாமியார்கூட ஒன்று விட்டிருந்தார், யார் கேட்கப் போகிறார்கள்? கொல்லைக் கிணற்றில் சாக்கைக் கவிழ்த்தேன். எல்லாம் முழுகிவிட்டன. அப்பாடா.

அதிகாரி வீடு முழுக்கத் தேடிவிட்டு, போகிற போக்கில் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு மூக்கு மேலே வந்தது.

“கிணத்துக்கு ஒண்ணு விடுவாங்க, தெரியும்மா,” என்றார்.

பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. மூச்சு வாங்க மேலே வரும் என்று எனக்கு ஏன் தோணல?

அந்த நேரம் பார்த்து இவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். “நான்தான் சார் புடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.” ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஏப்ரல் 27
காலாப்பட்டு சிறையில் பார்த்தேன். ஏன்டி கிணத்துல போட்டே என்று கேட்பார் என்று பயந்துகொண்டே போனேன். “சாப்ட்டியா,” என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

மே 2
தண்ணீர் சேந்தப் போனால், ஒரு மூக்கு. வனத்துறை வலையில் சிக்காமல் ஒன்று தங்கிவிட்டது.

மத்தியானம் அம்மாவாசை வந்தான். அவனும் எட்டிப் பார்த்தான். “சாயங்காலம் வலையோட வரேன். உன் புருஷன் வெளிய வந்ததும் என்கிட்ட அனுப்பு. இன்னொரு ஏரி பாத்து வெச்சிருக்கேன்.”

அவன் தெருமுனை தாண்டும்வரை நின்றேன். பிறகு கேஸ் காகிதத்தில் இருந்த அதிகாரியின் நம்பருக்குப் போன் போட்டேன்.

“சார், ஒண்ண விட்டுட்டுப் போயிட்டீங்க. சாயங்காலம் அத எடுக்க ஆள் வருது. நீங்க முன்னாடியே வந்துடுங்க.”