மீதி மருந்து

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை முதல் வேலையாக உன் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. கண்கள் பாதி திறந்திருந்தும் நீ என்னைப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் நம் ஆபரேஷன் தியேட்டரின் கெட்டமைன் மயக்க மருந்துக் குப்பி இருந்தது.

தீக்காயம் பட்ட குழந்தைகளுக்குக் கட்டு மாற்றும்போது அந்த மருந்தைத் தியேட்டர் டெக்னீஷியனான நீதான் ஊசியில் ஏற்றித் தருவாய். வலி தெரியாமல் கிடப்பார்கள். மீதியை நர்ஸான என் கண்ணெதிரே கொட்ட வேண்டும். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கொட்டிட்டேன்க்கா, போடு. தம்பி மேலயே சந்தேகமா? நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்பாய். நானும் சிரித்துக்கொண்டே போடுவேன்.

மீதியைக் கொட்டாமல் நீயே போட்டுக்கொள்ளும் விஷயம் மூன்று மாதம் முன்பு தெரிந்தது. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். அதன் பிறகும் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடுமே.

உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி உன் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். கட்டிய கணவரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. பத்து மணிக்குத் தலைமை டாக்டரைப் பார்த்து, குப்பியைப் பற்றியும் என் கையெழுத்துகளைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

உன் அக்கா