வெள்ளி உறை இல்லாத ஜூலை

ஜூன் 28

இன்று கேம்பரை, காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற எங்கள் மடக்கு வீட்டை, திறந்து காயவைத்தோம். 'தோம்' என்ன 'தோம்'? கைப்பிடியைச் சுற்றிக் கூரையை உயர்த்தியது நான். இரண்டு பக்கப் படுக்கைகளையும் வெளியே இழுத்தது நான். கான்வாஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மூக்கை வைத்து மோந்து பார்த்ததும் நான். லாய்ட் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் தூக்கு, இந்தப் பக்கம் இறக்கு என்று யோசனை சொன்னான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நரம்பு நோய் வந்ததிலிருந்து வெயில் அவனுக்கு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் சொன்ன பேச்சு கேட்காது, கண் மங்கும். குளிர்ந்ததும் சரியாகிவிடும். ஆனாலும் சுதந்திர தினம் வரும் ஜூலை நான்காம் தேதி வாரம் ஏரியில் இருந்தே ஆக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான வருடத்திலிருந்து அதே ஏரி, முகாமில் அதே பதினேழாம் நம்பர் இடம், பக்கத்து இடத்தில் அதே கர்ட்டிஸும் நீட்டாவும். ஓக்லஹோமா ஜூலையில், துணிச் சுவர் வைத்த வண்டிக்குள் போய்ப் படுப்பதை யாராவது விடுமுறை என்பார்களா? இவர்கள் என்பார்கள்.

வருடம் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்துவிட்டு வருகிறேன். இந்த ஜூலையாவது என் வீட்டு ஏசியில், என் கட்டிலில் படுக்க வேண்டும். எழுத முடிகிறது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பேருந்து மெக்கானிக் வேலையை விட்டபிறகு அவனுக்கென்று மிச்சமிருப்பது அந்த ஏரி ஒன்றுதான்.

ஜூலை 1

செய்துவிட்டேன்.

வெள்ளி உறைகள் இருக்கும் நீலப் பையை நேற்று லாய்ட்தான் கேம்பரில் ஏற்றினான். இன்று அவன் குளிக்கும்போது அதை எடுத்துக் கராஜில் கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அந்த உறைகளைப் படுக்கைக் கூரைகளின்மேல், வெள்ளிப் பக்கம் வானத்தைப் பார்க்க விரித்து, எலாஸ்டிக் கயிற்றால் அடியில் கொக்கி போட்டால்தான் வெயில் வந்த வழியே திரும்பிப் போகும். இல்லாவிட்டால் ஏசி பாட்டுக்கு ஓடும், கான்வாஸ் பாட்டுக்குச் சூட்டை உள்ளே இறைக்கும்.

ஒரு மத்தியானம் புழுங்கினால் அவனே போகலாம் என்பான். சண்டை இல்லை, அழுகை இல்லை. எங்கள் இடத்துக்கு மேற்கே பெரிய காட்டன்வுட் மரம் நிற்கிறது, அதனால் ரொம்பவும் மோசமாகிவிடாது.

ஜூலை 2

மரம் இல்லை. பனிக்காலத்து ஐஸ் புயலில் விழுந்துவிட்டதாம். அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, யாரோ அதன்மேல் விளக்கு வைத்திருக்கிறார்கள்.

லாய்ட் பையைத் தேடினான். படுக்கைக்கு அடியில், சமையல் பெட்டியில், வண்டியின் பின்பக்கத்தில். தேடிய இடத்திலேயே திரும்பத் தேடினான்.

"முந்தாநாள் ஏத்துனேனே. இங்கதான் வச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்ததோ வேறு. "ஏத்துறேன்னு சொன்ன, லாய்ட். ஏத்தல."

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகத்தோடு பார்த்திருந்தால்கூடத் தேவலை. என்னை அப்படியே நம்பி, தன்னைத்தான் சந்தேகப்பட்டான். "அப்படியா? சரி... அப்ப நான்தான்" என்று பாதியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டான்.

ஜூலை 3

வெளியே நூற்று மூன்று டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே, ஏசி கத்திக்கொண்டிருக்க, தொண்ணூற்றாறு.

காலையில் நானே கேட்டேன், வீட்டுக்குப் போய்விடலாமா என்று. நாலாம் தேதி முடியட்டும் என்றான். சரி, நான் போய்ப் பையை எடுத்துவருகிறேன் என்றேன், நிஜமாகவே சாவியைக் கையில் எடுத்தேன். "என் மறதிக்கு நீ எதுக்கு இந்த விடுமுறை நெரிசல்ல நாலு மணி நேரம் ஓட்டணும்? உட்காரு." உட்கார்ந்தேன். கல் மாதிரி உட்கார்ந்தேன்.

மத்தியானம் கழிப்பறைக்குப் போக இறங்கியவன் கேம்பர் படியிலேயே விழுந்தான். வலது கால் மடங்கிப் போயிற்று. முழங்கை தோல் கிழிந்து ரத்தம். தூக்கி உட்கார வைத்தபோது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஐஸ் பெட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டேன்.  நான் நினைத்தது புழுக்கத்தை, கடவுளே, இதை இல்லை.

நீட்டா ஓடிவந்தாள். கேம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா ரோண்டா, புருஷனைச் சுட்டுத் திங்கறதா இருந்தா மசாலாவாவது தடவியிருக்கலாம்ல?" என்றாள். லாய்டே சிரித்துவிட்டான். பிறகு, உறையை மறந்தது தான் என்று அவளிடம் சொன்னான். நான் குனிந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அவள் போனாள், போனவள் அந்த முகாம் வட்டம் முழுக்க ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினாள். திரும்பி வரும்போது அவள் கையிலும் கர்ட்டிஸ் கையிலும் கார் முன்கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளி மறைப்புகள். மடிப்பு மடிப்பாக, சில கிழிந்தது, ஒன்றில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாட்டின் படம். முகம் தெரியாதவர்கள்கூடத் தங்கள் காரைக் காயவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். துணி கிளிப்பால் ஒன்றோடொன்று கோத்து, இரண்டு படுக்கைகள் மேலும் போட்டோம். கான்வாஸை ஒட்டாமல், நடுவே காற்றுப் போக, நீச்சலுக்கு வைத்திருந்த நீளமான நுரை மிதவைகளைச் செருகினார் கர்ட்டிஸ். உள்ளே எண்பத்தைந்துக்கு இறங்கியது. லாய்டுக்குக் கண் தெளிந்தது.

அத்தனை பேருக்கும் நன்றி சொன்னேன். 

ஜூலை 4

பொரித்த மீன், சோளம், பீச் பழ கப்ளர் இனிப்பு, வாணவேடிக்கை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இப்படிப் பார்த்துக்கொள்ளும் பெண்டாட்டி கிடைக்க லாய்ட் கொடுத்துவைத்தவனாம்.

மீன் பொரிக்கும் இடத்தில் லாய்ட் கர்ட்டிஸிடம் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. "கால் போனா பரவால்ல, பழகிடுச்சு. இப்ப மூளையும் போக ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைக்கிறேன். அந்தப் பையை ஏத்துனது எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது கர்ட்டிஸ். ஆனா அது நடக்கவே இல்ல."

தட்டை வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். நான் என்ன மனுஷி?

ஜூலை 6

வீடு வந்தாயிற்று. கேட்டது கிடைத்துவிட்டது. ஏசி, என் கட்டில். தூக்கம் மட்டும் வரவில்லை.

பையை என்ன செய்வது? மேசையில் எடுத்து வைத்தால் மாட்டிக்கொள்வேன். குப்பையில் போட்டால் அதைவிடக் கேவலம். அங்கேயே இருக்கிறது.

ஜூலை 9

கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டான். "எந்தத் தெருவுல திரும்பணும்னு ஒரு நாள் மறந்துட்டா? வேண்டாம்." அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறான். அவன் அண்ணன் மெர்ல் போனில் கூப்பிட்டபோது, பழைய கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டு, "நான் சொல்றது சரிதானா ரோண்டா?" என்று என்னைக் கேட்டான். சரியாகத்தான் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

இன்று சொல்லிவிடலாம் என்று சமையலறை வரை வந்தேன். சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 12

இன்றும் இல்லை.

ஜூலை 15

நரம்பு டாக்டர். லாய்ட் அவரிடம் பையைப் பற்றி விவரமாகச் சொன்னான். எந்தக் கையால் தூக்கினான், எங்கே செருகினான், எல்லாம். நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருப்பது நல்லதில்லை, இல்லையா டாக்டர் என்றான். டாக்டர் ஞாபகசக்திப் பரிசோதனைக்கும் மூளை ஸ்கேனுக்கும் நாள் குறிக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பி, வீட்டில் வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயும்!

காரில் ஏறி உட்கார்ந்தோம். ஏசியைப் போட்டேன். வண்டியை எடுக்க முடியவில்லை.

"நீ ஏத்துன, லாய்ட். நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

 நான் பாட்டுக்கு உளறிக்கொண்டே போனேன், வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதான், மரம் விழுந்தது தெரியாது, நீ விழுவேன்னு நினைக்கலை, எனக்குக் களைப்பு லாய்ட், எல்லாம் நானே செஞ்சு செஞ்சு களைப்பு என்று. கடைசியில் பேச்சு தீர்ந்துபோய் அழுதேன்.

அவன் கையை நீட்டினான். பிடித்துக்கொள்ளத்தான் என்று நினைத்து என் கையைக் கொடுத்தேன்.

"சாவி" என்றான்.

இடம் மாறி உட்கார்ந்தோம். வீடுவரை அவன்தான் ஓட்டினான். ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை.

ஜூலை 16

பேசவில்லை.

ஜூலை 17

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தான். பேசவில்லை. பரிசோதனையை போன் செய்து ரத்து பண்ணிவிட்டான், போனை எடுத்த பெண்ணிடம் மட்டும் சிரித்துப் பேசினான்.

ஜூலை 20

தோட்டக் குழாயைச் சுற்றிவைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"ஏரிக்கு வர இஷ்டமில்லன்னு சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதான். ஆனா ரெண்டு வாரமா என்னைக் கண்டு நானே பயந்துகிட்டு இருந்தேன், ரோண்டா. நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டது காதில் விழுந்தது என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

ஆகஸ்ட் 2

மெர்லுடன் ஏரிக்குக் கிளம்பிவிட்டான். பதினேழு கிடைக்கவில்லை, வேறு இடமாம். கூரையை உயர்த்திப் பார்த்தது மெர்ல். நீலப் பையை நான் எடுத்துக்கொடுக்கப் போனபோது, வேண்டாம், நானே ஏற்றிக்கொள்கிறேன் என்றான். என்னை வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன், மனசில்லாமலே. அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 4

வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. கட்டிலின் நட்டநடுவில் படுத்தேன். இதற்காகவா?

ஆகஸ்ட் 5

காலையில் கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தேன். மெர்ல் முன்பந்தலில் மின்விசிறிக்கு நேராகச் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உள்ளே இருக்கான் என்று மட்டும் கட்டைவிரலால் காட்டினார். படுக்கைக் கூரைகள் இரண்டும் வெள்ளியாய், ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தன. என்னைவிட நன்றாகவே கட்டியிருக்கிறார்.

கதவைத் திறந்தேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. லாய்ட் படுக்கையில் சாய்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் மங்கல் இல்லை, என்னை நேராகப் பார்த்தான்.

வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"எனக்கு இந்த ஏரி பிடிக்காது லாய்ட். எப்பவுமே பிடிச்சதில்ல."

"எப்பவுமேவா?"

"முதல் வருஷம் பிடிச்சுது."

"முதல் வருஷம் நாலு நாளும் மழை. நாம வெளியவே வரல."

"அதனாலதான் பிடிச்சுது."

அவன் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். "அப்ப இப்ப எதுக்கு வந்த?"

"நீ இங்க இருக்க."

 நான் படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றிருந்தேன், முதுகில் வெயில் சுட்டது. திரும்பிப் போகச் சொன்னால் போய்விடுவது என்றுதான் இருந்தேன்.

"கதவைச் சாத்து ரோண்டா. குளிர் வெளிய போகுது."

உள்ளே வந்து சாத்தினேன்.