கொண்டி போட்ட கதவு

வைகாசி, செவ்வாய்க்கிழமை

இன்று குளியலறைக்குள் அகப்பட்டுக்கொண்டேன். மருமகன் கதவில் புதிதாகப் பொருத்திய கொண்டி இறுகிவிட்டது. வலிகாமத்திலேயே என்னைப்போல் பலசாலி இல்லை, இருந்தும் அது அசையவில்லை.

நான் கதவைச் சாத்தாமல், பாடிக்கொண்டே குளிப்பவன். குரல்வளத்தால் பாடுகிறேன் என்று ஊரை நம்பவைத்திருக்கிறேன். இன்று வீட்டில் விருந்தாளிகள், அதனால் கொண்டி போட்டேன்.

உள்ளே அரைநாள் கிடந்தேன். மருமகன் இரண்டு நிமிடம் என்கிறான். சுவர்கள் கிட்ட வந்தன. பிறகு மண் மணத்தது, சண்டைக்காலத்தில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கர் குழி இடிந்து மூடிய அன்று மணத்த அதே மண். "மண்ணை எடுங்கோ!" என்று கத்தினேனாம்.

கதவை உடைத்ததும், "கதவின்ரை பலத்தைச் சோதிச்சுப் பாத்தனான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் கந்தையா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பங்கரில் ஐந்து பேரை நான் தோண்டி எடுத்ததாக இத்தனை வருடமும் சொல்லிவருகிறேன். உண்மையில் என்னைத் தோண்டி எடுத்தவனே அவன்தான். ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

பின்னேரம் வந்தான்.

"அண்ணை, அந்தப் பங்கருக்குப் பிறகு நானும் கொண்டி போடுறேல்லை. மகளின்ரை கலியாணத்துக்கு வீடு நிறைய ஆக்கள் வரப்போகினம். நாளைக்கு உள்ளுக்கை நிண்டு பூட்டிப் பாக்கிறன். நீங்கள் வெளியிலை நிண்டு பாடுங்கோ. பாட்டு நிண்டால் நான் செத்தன். பிறகு உங்கடை முறை."

"என்ரை குரலுக்குக் கொண்டி தானாத் திறக்குமடா. பதிகம் முழுக்கப் பாடுறன்."

எனக்குத் தெரிந்தது இரண்டு தேவாரம்தான். அதையே திருப்பித் திருப்பிப் பாடவேண்டும். இடையில் நிறுத்தக்கூடாது.