உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் சுகம் என்று வாரா வாரம் சொல்கிறாய், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வானத்தில் கனமான பொருள் தன் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை வளைத்துவிடும், கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியாகப் பார்த்தால் புரியும் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாயே, புண்ணியவதி, அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு டம்ளரில் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பேப்பர் படிப்பது டம்ளர் வழியாக, என்னைப் பார்ப்பது டம்ளர் வழியாக, என் மூக்கு வளையமாகத் தெரிகிறதாம், இத்தனை வருஷம் கழித்து என் முகத்தில் ஒரு விசேஷம் கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் உன் சித்தப்பா சாப்பிட வந்தார். சில கேலக்ஸிகளின், அதுதான் நட்சத்திரக் கூட்டங்களின், நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து, அகப்பட்டதையெல்லாம் வாரி விழுங்கும்போது ஊருக்கே வெளிச்சம் கொட்டும் என்று அப்பா அவருக்கு விளக்கினார். சாப்பிடுவதையும் சத்தம் போடுவதையும் ஒன்றாகவே செய்கிற மனுஷனுக்கு அது யாரைப் பற்றியது என்று கடைசிவரை புரியவில்லை. அப்படிப்பட்டதைச் சுற்றி எவ்வளவு கூட்டம் சேருகிறது என்று அளப்பதுதான் உன் ஆராய்ச்சியாம், அதற்கு அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம், நம் சாப்பாட்டு மேஜையே போதும். கண்ணுக்குத் தெரியாததை உங்கள் பெண் எப்படி எடை போடுவாள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள். பின்னால் இருப்பதெல்லாம் எப்படிக் கோணிப்போயிருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவாள் என்றேன். இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா என்றாள்.

ஆனால் பாடம் நடத்திய டீச்சரே பாடத்தை மறக்கலாமா. வீடியோவில் பேசும்போது உன் முகத்தைப் பார்ப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன், அது சிரித்துக்கொண்டேதான் இருக்கும். பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்க்கிறேன். அங்கே கொக்கியில் அந்த நெட்டைப் பிள்ளையின் கோட்டு தொங்கும். கூட வேலை பார்க்கிறவர், மறந்து வைத்துவிட்டார் என்றாய், குளிர்காலம் முழுக்க மறந்தார், நாங்களும் மரியாதையாக நம்பினோம். இப்போது கொக்கி காலி. அலமாரியில் பாதிப் புத்தகங்களைக் காணோம், மீதி சாய்ந்து கிடக்கின்றன. நல்ல பகலிலும் திரைச்சீலை மூடியிருக்கிறது. என்ன நடந்தது என்று நீ சொல்ல வேண்டாம், அதன் கனம் எனக்குத் தெரிந்துவிட்டது. கோபமே இல்லை. தனியாக உட்கார்ந்து அழுதிருப்பாய் என்பதுதான் தாங்க முடியவில்லை.

அப்பாவுக்கு இது தெரியாது என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். நேற்று இன்னொரு டம்ளர் உடைந்ததும், இந்த வயதில் உங்களுக்கு எதற்கு வானம் என்று கத்திவிட்டேன். "வானத்துல எனக்கென்ன வேலை? அந்தக் கோட்டு போனதுலேர்ந்து அவ சட்டுனு போனை வெச்சிடுறா. கேள்வி கேட்டாத்தான் இன்னும் கொஞ்சம் பேசுறா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

நன்றாகச் சாப்பிடு, திரைச்சீலையைத் திறந்து வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. லீவு கிடைத்ததும் வந்துவிடு. வரும்போது அரை டஜன் டம்ளர் வாங்கி வா, கண்ணாடியிலேயே வாங்கு. உடையாத டம்ளரை வைத்துக்கொண்டு அப்பா உன்னிடம் என்ன பேசுவார்?

உன்
அம்மா