ஊற்றுக்கு ஒரு நடை

முள்ளுக்குறிச்சிச் சந்தையில் இன்று ஒரு கைப்பிடி மிளகு வாங்கினேன். பொட்டலம் கட்டியிருந்த தாளில் நீல எழுத்துகள். கார்பன் வைத்து நான் தட்டச்சு செய்த பக்கம். ஆர் என்ற இங்கிலீஷ் எழுத்து வரும் இடமெல்லாம் கால் உடைந்திருந்தது. உங்கள் டைப்ரைட்டரின் பழைய கோளாறு. அயர்லாந்துக் கடலோரத்தில் இரும்புச் சட்டை போட்ட நார்மன் படைக்காரர்கள் கப்பலை விட்டு இறங்குகிறார்கள். உங்கள் கதையின் அரசன் தோனல் குன்றின் மேல் நின்று பார்க்கிறான். கடைக்காரரிடம் கேட்டேன். "எஸ்டேட்டுல மூட்டை மூட்டையாப் போட்டாங்க. நல்ல கெட்டிக் காயிதமுங்க," என்றார்.

அம்மணி, நீங்கள் ஆறு வருடம் எழுதிய நாவலுக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை இதுதான்.

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடமாகிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த வாரம் மட்டும் இரண்டு தடவை மலை ஏறி இறங்கிவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தட்டச்சு வேலைக்கு வந்த முதல் நாளே நமக்குள் வாக்குவாதம். உங்கள் அயர்லாந்தில் ஒவ்வொரு அரசன் மேலும் சில தடைகள் இருந்தனவாம். இந்த ஆற்றை விடிவதற்கு முன் கடக்கக்கூடாது, அந்த வீட்டு விருந்தை மறுக்கக்கூடாது என்று. கெஷ் என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். மீறினால் அரசன் விழுவான். அவனோடு நாடும் விழும். தோற்றுப்போன பழைய தெய்வங்கள் மலைகளுக்கு அடியில் குடியிருந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். "படையெடுத்து வந்தவனிடம் நல்ல வில்லும் இரும்பும் இருந்தன, நீங்கள் தோற்றீர்கள். இதில் மலைக்கடியில் தெய்வம் எதற்கு?" என்று கேட்டேன். காப்பி பறிக்கும் பெண்களிடம் தமிழ் கற்றவர் நீங்கள். "நீங்க சொல்றது கணக்குங்க சாமி. நான் எழுதறது கதைங்க," என்றீர்கள். என்னைச் சாமி என்று கூப்பிடாதீர்கள் என்றேன். கடைசிவரை நீங்கள் கேட்கவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. இன்றும் இருக்கிறது. பறிபோன நாட்டுக்காக நானூறு பக்கம் அழுதீர்கள். உங்கள் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் குண்டனி நாடு என்ற மலையூர்க்காரர்களின் ஊற்றை உள்ளே வைத்து வேலி போட்டார். அது உங்கள் எழுதுமேசை ஜன்னலிலிருந்தே தெரியும். அங்கே யாருக்கு என்ன இருந்தது என்று நீங்கள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

ஆனால் உங்கள் கடைசி வருடத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு உங்களைவிட நான்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டியவன்.

வைகாசியில் முதல் மழை விழுந்ததும் அந்த ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். கூடவே அவருடைய தங்கை பொன்னாயி. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "எங்க ஊத்துக்கு ஒரு நடை போயி, சாமிகிட்டக் கேட்டு, ஒரு புடி சாமை வெதையை நனைச்சுட்டு வந்துர்றமுங்க. வேலி போட்ட தொரை இருந்தவரைக்கும் கள்ளத்தனமாப் போயிட்டு வந்தோம். இப்பக் கேட்டே போயிரலாம்னு வந்தமுங்க. அது ஆகாம ஊர்ல ஒருத்தரும் வெதைக்க மாட்டாங்கன்னு தொரசானிகிட்டச் சொல்லுங்க."

உள்ளே எழுதுமேசையில் இருந்த உங்களிடம் நான் வந்து இங்கிலீஷில் சொன்னது: "இவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமாம்."

சோம்பலால் அல்ல. சாமி, விதை என்று சொன்னால் உங்கள் கண் மின்னும், நோட்டுப் புத்தகத்தை எடுப்பீர்கள், நாலு மனிதர்களின் உரிமை உங்கள் நாவலில் ஒரு அத்தியாயமாகிவிடும் என்று நினைத்தேன். மனிதன் மனிதனாக நின்று தண்ணீர் கேட்கட்டும் என்று நினைத்தேன். மூடத்தனத்தைக் கழித்துவிட்டு நியாயத்தை மட்டும் உங்களிடம் கொடுத்ததாக எனக்குப் பெருமை.

நீங்கள் தயங்கவே இல்லை. பத்தே நாளில் ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் போட்டு, வேலிக்கு வெளியே தண்ணீர் விழும்படி செய்தீர்கள். ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். கும்பிட்டார். திரும்பி நடந்தார். பொன்னாயி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லாத்தாஞ் சொல்லியிருக்கீங்க, படிச்ச மகராசா," என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மழை பெய்தது. உழுத மண் செக்கச்செவேலென்று வெறுமையாகக் கிடந்தது. நான் ஊருக்கே போய்ச் சண்டை போட்டேன். "அதே ஊற்றுத் தண்ணீர்தானே குழாயில் வருகிறது?"

"தண்ணி வந்துருச்சுங்க," என்றார் ஊர்க்கவுண்டர். "நாங்க போவலீங்களே. ஒருத்தங்க ஊட்டுக்குப் போயிக் கேக்கறதும், அவங்க ஊட்டுச் சோத்தை வேலிக்கு வெளியே நின்னு வாங்கறதும் ஒண்ணுங்களா?"

"விதை முளைக்க மண் போதும்," என்றேன்.

"அப்ப நீங்க வெதைச்சுக்காட்டுங்க, கண்ணு. காத்தாலயிருந்து குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சா வந்து சொல்லுங்க, எண்ணெய் தேச்சு உடறேன்," என்றாள் பொன்னாயி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

முதல் மழை விழுந்த ஐந்தாவது வாரம், தோனல் தடையை மீறி விடியுமுன் ஆற்றைக் கடக்கும் அத்தியாயத்தை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் தட்டிக்கொண்டிருந்தேன். நார்மன் தூதன் அரசனைப் பார்த்துச் சொல்கிறான்: வெறும் தண்ணீர்தானே, கடந்து வா. அந்த வரியில் நீங்கள் நிறுத்தினீர்கள். ஜன்னலுக்கு வெளியே சிவப்பு நிலம். "ஏன் இன்னும் வெதைக்கலீங்க சாமி?"

"மூடத்தனம்," என்றேன்.

"அன்னிக்கு அவரு என்ன சொன்னாரு? ஒரு சொல் விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். நீங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. "அந்தத் தூதனை நான் கற்பனைன்னு நெனச்சேன்," என்றீர்கள். "வேலி போட்டது எங்க ஊடு. தூது போனது நீங்க."

அன்று மதியமே தோட்டக்காரரை வைத்து ஊற்றருகே வேலியைப் பிடுங்கினீர்கள். நான் ஓடிப்போய் ஊரில் சொன்னேன். ஒருவரும் எழவில்லை. ஒரு வாசலில் ஒரு தடவைதான் கேட்பார்களாம். கிடைத்த பதில் பதில்தான். மறுபடி போக வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வந்து கூப்பிட வேண்டும். நீங்கள் கூப்பிடப் போனீர்கள். ஊர் எல்லையில் எல்லாரும் செருப்பைக் கழற்றும் இடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கல்லிலும் சேற்றிலும் வெள்ளைக் கால் வழுக்க வழுக்க நடந்து போய், "ஏனுங்க, வாங்க," என்றீர்கள். அதற்கு மேல் உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பொன்னாயி சிரித்துவிட்டு முதலில் எழுந்தாள்.

ஆனால் மழை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிந்தி விதைத்த சாமையில் பாதி பதரானது. ஐப்பசியிலிருந்து அந்த ஊர் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றது. பொன்னாயியின் பேத்தி வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். பட்டினி என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் விட்டுவிட்ட வார்த்தைகளின் விலை அது. உங்களுக்கும் தெரிந்திருந்தது, அதற்காக ஒரு தடவைகூட என்னைக் குத்திக்காட்டவில்லை. மார்கழியில் மலைக்காய்ச்சல் உங்களையும் கொண்டுபோனது. தோனல் ஆற்றின் நடுவிலேயே நிற்கிறான்.

வேலியைப் பிடுங்கினீர்கள், சரி. நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை. போன வருடம் எஸ்டேட் ஆளில்லாமல் கிடந்ததால் ஊர் நேரத்தில் விதைத்தது. இந்த வருடம் எஸ்டேட்டை வாங்கியவர் வெள்ளைக்காரர் அல்ல, கதர் கட்டிய தமிழர். வந்ததும் முள்கம்பி போட்டார். ஊர்க்கவுண்டர் போய்க் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. அத்தோடு அவர்கள் கேட்டு முடிந்தது. வெள்ளைக்காரன் போனால் எல்லாம் சரியாகும் என்று மேடைகளில் பேசுகிறவர்களை நினைத்தால் வாய் கசக்கிறது.

மழை மேகம் இறங்குகிறது. போன வாரம் ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார். "நாங்க இனி கேக்கக் கூடாதுங்க. நீங்க எங்க ஊரில்லை. உங்களுக்கு அந்தத் தடை இல்லீங்களே," என்றார்.

முதல் தடவை மலை ஏறிப் போனபோது எஸ்டேட் மேனேஜர், "குடிக்கத் தண்ணிதானே? குழாய் போட்டுத் தர்றோம்," என்றார். தலையாட்டியிருந்தால் வேலை சுலபம். இல்லை என்றேன். இரண்டாவது தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நாளைக் காலை மறுபடி ஏறுகிறேன். ஊற்றுக்கு ஒரு நடை போய், சாமியிடம் கேட்டு, ஒரு பிடி சாமை விதையை நனைத்துக்கொண்டு வர வேண்டும். அது ஆகாமல் ஊரில் ஒருவரும் விதைக்க மாட்டார்கள். இதை அப்படியே சொல்வேன். எனக்கு இன்னும் அந்தச் சாமி மேல் நம்பிக்கை வரவில்லை, அம்மணி. ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டேன்.